சீனப் படமும் என் மாதிரிப் படிவமும்

1

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நிறைய ஐம்பதுக்குக் கிட்டிய காகிதங்கள் கிடந்தன. ஒரு சீனப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சனம் எழுதிக் கொடுத்த கருத்துகள். கருத்து என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவற்றை இங்கிலீசில் மொழிபெயர்த்துத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் தலைவிதி.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது புதினமாக இருக்கும். இங்கே ஒரு படம் பார்த்தாலும் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் திரைப்பட வட்டத்துக்கு ஒரு அலுவலகம் மண்டபத்தைச் சும்மா தருகிறது. அதற்குப் பதிலாக அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த வார்த்தையில் கருத்து எழுத வேண்டும். 'சொந்த வார்த்தையில்' என்ற இடத்தில் அந்த அலுவலகப் பிள்ளை பேனாவால் இரண்டு கோடு இழுத்துக் காட்டினாள். பாவம், அவளுக்கு எங்களைத் தெரியாது.

வட்டத்தின் தலைவர் ஊரில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர். செயலாளர் நான். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவள், இங்கே ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். ஆனாலும் எழுத்து வேலை என்று வந்தால் எல்லோருடைய விரலும் என்னைத்தான் காட்டும். நானும் அதில் கொஞ்சம் எடுப்புப் பிடித்தவள் என்பதை ஒளிக்கவில்லை.

இதில் என் தம்பி குமார் வருகிறான். எழுதலாமா என்று முதலில் அவனிடம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா. ஆனா நீங்கள் செய்ததையும் சேத்து எழுதோணும்" என்றான். சேர்த்தே எழுதுகிறேன்.

2

குமாருக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் குடும்பத்தில் கனடாவுக்கு முதல் வந்தவன் அவன்தான். என்னையும், என் மனிசனையும், மகள் யாழினியையும் இங்கே எடுத்தவனும் அவன்தான். நாங்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் மூன்று குளிர்க் கோட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றான். யாழினியை அவன் அதற்கு முன் கண்டதே இல்லை. அப்படியிருந்தும் அவளுடைய கோட்டு அளவாக இருந்தது. நான் கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் வைத்து அளவு பார்த்திருக்கிறான்.

இப்போது பிக்கரிங்கில் இருக்கிறான். ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறான். அவனோடு அன்ரன் என்று ஒரு மன்னார்ப் பெடியன் இருக்கிறான், பாண் பேக்கரியில் வேலை. பெடியன் என்று சொல்லுகிறேனே தவிர, அவனுக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. எட்டு வருடமாக இரண்டு பேரும் ஒரே வீடு. வாடகை மிச்சம் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். ஒருவரும் கேட்காமலே சொல்லி வந்தேன்.

அவனுக்கு நான்கு வருடமாக நான் பெண் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் மோர்னிங்சைட்டில் இருக்கிற புவனாக்காவின் மகளுடைய குறிப்பு நன்றாகப் பொருந்தியது. மாசிக் கடைசி ஞாயிறு அவர்கள் கலியாணப் பேச்சுக்காலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. குமாருக்குப் போனில் சொன்னேன்.

"அக்கா, அவையைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டா நான் வரமாட்டன். வன்கூவரில ஒரு வேலை இருக்கு. அங்க போயிடுவன், பிறகு இந்தப் பக்கம் வரமாட்டன்."

"ஏனடா? பெட்டைக்கு என்ன குறை?"

"பெட்டைக்கு ஒரு குறையும் இல்லை. இந்த முறை வட்டத்துக்கு ஒரு படம் கொண்டு வாறன். அதை நீங்கள் இருந்து பாருங்கோ. பிறகு கதைப்பம்."

வட்டத்துக்கு ஒரு வயது நிறைகிற விழா. நல்ல படங்கள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவன் குமார் ஒருவன்தான். "சீனப் படம். சின்னக் காசில எடுத்தது. ரெண்டு பேர் ஒரு அறையில இருந்து சீவிக்கிற கதை" என்று கூட்டத்தில் சொன்னான். "ஆகா, எங்கடை பேஸ்மென்ற் வாழ்க்கை!" என்று மாஸ்டர் உருகிவிட்டார். 'தொழிலாளர் துயரம் பேசும் உன்னத சித்திரம்' என்று அவரே நோட்டீசும் எழுதி, ஸ்காபரோவில் உள்ள மளிகைக் கடையெல்லாம் ஒட்டியாயிற்று.

வியாழக்கிழமை மாஸ்டருடைய மருமகள், குமார் முன்கூட்டியே கொடுத்திருந்த வீடியோக் கசற்றின் பின்பக்கத்தில் இருந்த இங்கிலீசை வாசித்துச் சொல்லியிருக்கிறாள். இரண்டு ஆண்கள். ஒருவன் பஸ் கண்டக்டர், மற்றவன் கண்ணாடி வெட்டுகிறவன். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் காதல். உடனே மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, நாசமாய்ப் போச்சு" என்றார்.

நிற்பாட்டவும் வழியில்லை. நோட்டீஸ் ஒட்டியாயிற்று, மண்டபம் எடுத்தாயிற்று, சாப்பிட ரோல்ஸுக்கும் சொல்லியாயிற்று. குமார் எதற்காக என்னை இருந்து பார்க்கச் சொன்னான் என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். விளங்கியதும் நெஞ்சு பதறியது. பதறினால் நான் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறவள்.

3

மாதிரிப் படிவம் என்கிற அருமையான யோசனை எனக்கு வந்தது அப்போதுதான்.

எங்கள் சனத்துக்குப் படிவத்தைக் கண்டால் கை ஓடாது. பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தால்தான் பேனா நகரும். குடியுரிமைக்கு எழுதும்போது எங்கள் மாடியில் இருந்த ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் படிவத்தை வைத்து அப்படியே எழுதினார். மனைவியின் பெயர் என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியின் பெயரையும் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தபோது, "அவையின்ரை படிவம் பிழையில்லாமல் போனது, அதுதான் பாத்து எழுதினனான்" என்று சொன்னாராம். இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே சனம் ஏடாகூடமாக ஏதும் எழுதி வட்டத்துக்குக் கெட்ட பெயர் வராமல் இருக்க, நான் முன்கூட்டியே ஒரு படிவத்தை முத்து முத்தாக நிரப்பி மண்டபத்து வாசலில் ஒட்டினேன். பிடித்தது என்ன என்ற கேள்விக்கு, 'ஒளிப்பதிவு சிறப்பு. தேநீர் ஏற்பாடு மிகச் சிறப்பு.' பிடிக்காதது என்ன என்பதற்கு, 'இப்படம் எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது. இத்தகைய மனிதர் எம்மிடையே இல்லை.' உங்கள் குடும்பத்தில் யாருக்கு இப்படத்தைச் சிபாரிசு செய்வீர்கள் என்பதற்கு, 'ஒருவருக்கும் இல்லை.'

படத்தில் ஒரு காட்சிகூட நான் கண்டிருக்கவில்லை.

4

சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறைந்துவிட்டது. தொழிலாளர் துயரத்துக்கு இவ்வளவு கூட்டம் வராது. விசயம் எப்படியோ வெளியே கசிந்திருக்கிறது, எல்லாம் வம்பு தேடி விடுப்புப் பார்க்க வந்த கூட்டம். குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

குமார் வந்தான். அவனுக்குப் பின்னால் அன்ரன், கோட்டைக் கழற்றாமல். குமார் வாசலில் வெகுநேரம் நின்று என் மாதிரிப் படிவத்தை வாசித்தான். மூன்று வரியை வாசிக்க அவ்வளவு நேரம் எடுக்காது.

"படம் பாக்காமலே எழுதிப்போட்டியளே அக்கா?"

"அது சும்மா மாதிரிதானேடா."

"இப்ப உள்ள வந்து இருங்கோ. எனக்குப் பக்கத்தில இடம் வைச்சிருக்கிறன்."

"தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்குது. நீ போ, நான் வாறன்."

நான் போகவில்லை. மாஸ்டர் வரவேற்புரை, தலைமையுரை, விளக்கவுரை என்று முக்கால் மணித்தியாலம் முழங்கினார். 'இப்படத்தைக் காட்டுவதால் வட்டம் இதை ஆதரிக்கிறது என்று கொள்ளற்க' என்றார். கொள்ளற்க! ஊரில் இருந்தபோதும் இந்த மனிதர் இப்படித்தான். பிறகு விளக்கை அணைத்தார்கள். நான் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குசினியில் கோப்பைகளை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினேன்.

அரைவாசியில் புவனாக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தா. "சீ! என்ன கண்டறியாத படம்! எனக்கு வயித்தைப் பிரட்டுது. ஒரு ரோல்ஸ் தா." இரண்டைச் சாப்பிட்டா. "ஆரடி தெரிவு செய்தது? உன்ரை தம்பியோ? அவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? கலியாணம் கட்டினாச் சரியாயிடும்." சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினா. "எங்கை ஓடுறியள், வயித்தைப் பிரட்டுதெண்டியள்?" என்று கேட்டேன். "படத்தில தாய்க்காரி வந்திட்டா. என்ன நடக்குதெண்டு பாக்க வேண்டாமே?"

படம் முடிந்து கருத்துரை தொடங்கியதும் நான் தேநீரோடு உள்ளே போனேன். ஒருவர் எழும்பி, எங்கள் ஊரில் இப்படியானவர்களே இல்லை என்று வாய் கிழியப் பேசினார். எங்கள் ஊர்க்காரர்தான். அங்கே எங்கள் வீதியில் ஒரு தையற்காரர் கலியாணம் கட்டாமல் தனியாக இருந்தார். அவருக்கு இந்த மனிதரும் சேர்ந்து வைத்த பட்டப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்லி வீதியே சிரித்தது, நானும் சிரித்தேன். குமாருக்கு அப்போது பத்து வயது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. இல்லாத மனிதருக்குப் பட்டப் பெயர் எதற்கு வைத்தீர்கள் என்று அந்த மண்டபத்தில் ஒரு வாயும் கேட்கவில்லை. என் வாயும் கேட்கவில்லை. நான் தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குமார் கடைசி வரிசையில் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதற்கு அடுத்த கதிரையில் அன்ரன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் இரண்டு ஆண்கள் கை கோத்துக்கொண்டு சந்தை வரைக்கும் போனாலும் திரும்பிப் பார்க்காத சனம், இங்கே நடுவில் ஒரு கதிரை விட்டு இருந்தவர்களைப் பார்த்து முழங்கையால் இடித்துக்கொண்டது. தேநீர் குடிக்காமல் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

5

மறுநாள் ஞாயிறு. மேசையில் காகிதங்கள். நான் வாசித்து இங்கிலீசில் சொல்ல, பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படிக்கிற யாழினி கொம்பியூட்டரில் அடித்தாள்.

முதலாவது: 'தேநீர் ஏற்பாடு மிகச் சிறப்பு. எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது.' இரண்டாவதும் அதுவே. மூன்றாவது ஆள் 'பண்பாட்டுக்கு' என்பதை விழுங்கிவிட்டு, 'தேநீர் எமக்கு ஒவ்வாதது' என்று எழுதியிருந்தார். புவனாக்காவின் படிவமும் அவவுடைய மனிசனின் படிவமும் ஒரே கையெழுத்து. அந்த மனுசன் மண்டபத்துக்கு வரவே இல்லை. பத்தாவது காகிதத்தில் எனக்குக் கொதி வந்துவிட்டது.

"தூ, உதுகளும் மனிசரோ? சொந்தமா ஒரு வசனம் எழுதத் தெரியாததுகள்!"

யாழினி அடிப்பதை நிற்பாட்டினாள். "அம்மா, திஸ் இஸ் ஓல் த சேம். ஹூ றோட் இற் ஃபர்ஸ்ற்?"

நான் அடுத்த காகிதத்தை எடுத்தேன்.

"மாமா சொன்னவர் நீங்கதான் எண்டு. டிட் யூ ஈவன் வோச் இற், அம்மா?"

இந்தப் பிள்ளைகள் தமிழில் ஒரு வரி சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சுட வேண்டிய இடத்தை இங்கிலீசில் சரியாகச் சுடுவார்கள். "வாயை மூடிக்கொண்டு அடி" என்றேன்.

பார்த்து எழுதிய கூட்டத்துக்கு நடுவில், ஆத்திரத்தில் பேனா தவறிச் சொந்தமாக எழுதிய ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். குறை சொல்வதற்கென்றால் எங்கள் சனத்துக்கு மாதிரி தேவையில்லை. 'ஒலிவாங்கி மேலே தொங்குவது தெரிகிறது. படுமோசம்.' 'இரண்டு பேரும் ஒரே கோப்பையில் நூடில்ஸ் சாப்பிடுவதைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள். எனக்குப் பசிதான் வந்தது.' 'தாய் ஊரிலிருந்து பெண்ணின் படத்தோடு வருகிறாள். நல்ல தாய். அவளுக்குத் துரோகம் செய்கிறார்கள்.'

நான் காணாத படம் இவர்களுடைய திட்டுகளுக்குள்ளால் துண்டு துண்டாகக் கண்முன் வந்தது. அடுத்த படிவத்தை எடுத்தேன்.

'தாய் மேலே வீட்டுக்குள் இருக்கும்போது அந்த மற்றவன் கீழே தெருவில், லைற் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். பனி கொட்டுகிறது. அரை மணித்தியாலம் சும்மா நிற்கிறான். ஏன் நிற்கிறான் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடைசிவரைக்கும் அவன் மேலே போனானா இல்லையா என்றும் காட்டவில்லை. முடிவு இல்லாத படம். நேரம் வீண்.'

யாழினி, "நெக்ஸ்ற்?" என்றாள். நான் அந்தப் படிவத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அதற்கு முந்திய மாதம், தையில், புவனாக்காவின் மகளுடைய படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான் பிக்கரிங்குக்குப் போயிருந்தேன். கீழே கார் நிறுத்துகிற இடத்தில், இஞ்சினை ஓடவிட்டபடி, அன்ரன் தன் காருக்குள் இருந்தான். நான் கை காட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டு கை காட்டினான். மேலே போய், "உவன் ஏன்ரா காருக்குள்ள இருக்கிறான்?" என்று குமாரிடம் கேட்டேன். "ரேடியோ கேக்கிறான் அக்கா" என்றான். நான் பெண்ணின் படத்தை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்து, சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். அவன் இன்னும் காருக்குள் இருந்தான். கண்ணாடி முழுக்கப் பனி மூடி, வைப்பர் ஓடின இடத்துக்குள்ளால் மட்டும் அவன் முகம் தெரிந்தது. நான் திரும்பவும் கை காட்டினேன். எட்டு வருடத்தில் நான் போகும் நேரமெல்லாம் அவன் ஒன்றில் வேலைக்குப் போயிருப்பான், அல்லது கடைக்குப் போயிருப்பான், அல்லது ரேடியோ கேட்பான். அந்த வீட்டில் நான் அவனோடு ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை.

படத்தில் வந்த தாய் நான்தான். அவளுக்காவது, கீழே ஒருவன் நிற்பது தெரியாது போலிருக்கிறது. நான் கையும் காட்டிவிட்டு வந்தவள்.

கடைசியில் ஒரு படிவம் மடித்து இருந்தது. பெயர் இல்லை. ஆனால் பத்து வருடம் ஊருக்கு எனக்கு நீல விமானத் தபால் கடிதங்கள் எழுதிய கையெழுத்தை எனக்குத் தெரியாதா? முதல் இரண்டு கேள்விகளையும் அவன் விட்டிருந்தான். உங்கள் குடும்பத்தில் யாருக்கு இப்படத்தைச் சிபாரிசு செய்வீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் எழுதியிருந்தான்: 'என்ரை அக்காவுக்கு. அவவுக்காகத்தான் கொண்டு வந்தனான். அவ உள்ள வரேல்லை.'

நான் அழுதேன். யாழினி எழும்பி வந்து என் தோளைப் பிடித்தாள். இங்கிலீசில்கூட ஒன்றும் சொல்லவில்லை.

6

முதலில் புவனாக்காவுக்குப் போன் எடுத்தேன். அடுத்த ஞாயிறு வரவேண்டாம், குறிப்பைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "ஏனடி, எங்கடை பிள்ளைக்கு என்ன குறை?" என்று சத்தம் போட்டா. "உங்கடை பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு ஒரு நல்ல மனிசனைப் பாருங்கோ. என்ரை தம்பியும் நல்ல மனிசன்தான், ஆனா அவளுக்குரியவன் இல்லை" என்றேன். படக்கென்று போனை வைத்துவிட்டா. அன்றைக்குள் மோர்னிங்சைட் முழுக்கக் கதை போயிருக்கும். போகட்டும். படத்தைப் பார்க்கவும் விடுப்பு, கதைக்கவும் விடுப்பு, எங்கள் சனத்துக்கு அதுவும் ஒரு சீவியம்.

அடுத்து, மண்டபத்து வாசலில் இருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த என் மாதிரிப் படிவத்தை எடுத்துக் கிழித்தேன். மற்றவற்றை யாழினி அப்படியே அடித்து முடித்தாள். அந்த அலுவலகப் பிள்ளை வாசித்துவிட்டுத் தமிழர்களுக்குத் தேநீர் என்றால் உயிர் என்று நினைக்கட்டும்.

பிறகு குமாருக்கு எடுத்தேன்.

"தம்பி, அந்தக் கசற் உன்னட்டையோ?"

"ஓம்."

"பின்னேரம் கொண்டு வா. நான் பாக்கோணும். பாத்திட்டு நல்லாயில்லையெண்டா நல்லாயில்லையெண்டுதான் சொல்லுவன், சொல்லிப்போட்டன்."

அவன் சிரித்தான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரித்தான். "சரி அக்கா. அஞ்சு மணிக்கு வாறன்."

"எப்பிடி வாறாய்?"

"அன்ரன் கொண்டு வந்து விடுவான்."

"விட்டிட்டு?"

"அவன் காருக்குள்ள இருப்பான் அக்கா. அவனுக்குப் பழக்கம்."

"பழக்கமாம் பழக்கம்! விசர்க் கதை கதையாதை. என்ரை வீட்டு வாசலில ஒருத்தரும் ரேடியோ கேக்க வேண்டாம். நாலு பேருக்கு அரிசி போட்டிட்டன், யாழினியின்ரை அப்பாவுக்கு இண்டைக்கு வேலை. ரெண்டு பேரும் உள்ள வாங்கோ."

ஐந்து மணிக்கு முன்னமே யன்னலடியில் போய் நின்றேன். பனி தூறிக்கொண்டிருந்தது. கார் வந்து வாசலில் நின்றது. இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. குமாரின் பக்கத்துக் கதவு திறந்தது, அவன் இறங்கி, குனிந்து உள்ளே பார்த்து ஏதோ சொன்னான். நான் கதவைத் திறந்து, கோட்டும் போடாமல், வீட்டுச் செருப்போடு படியில் இறங்கி நின்று இரண்டு கையாலும் வா வா என்று கூப்பிட்டேன். இஞ்சின் நின்றது. மற்றப் பக்கத்துக் கதவும் திறந்தது.